தைராய்டு வளர்ச்சியூக்கி எதிர்ப்பான் அளவீடு

தைராய்டு வளர்ச்சியூக்கி எதிர்ப்பான் என்பது தைராய்டு உயிரணுக்களைப் பெருகச் செய்வதாகக் கூறப்படும் தன்னெதிர்ப்பான் ஆகும். கிரேவ்சு நோயில் கழலை உண்டாவதை விளக்க இக்கருத்து முன்வைக்கப்பட்டது.

இதனை அளக்க, நோயாளியின் குருதியிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலின் ஜி, எலியின் எஃப்ஆர்டிஎல்-5 தைராய்டு உயிரணுக்களுடன் சேர்க்கப்படுகிறது. டி.என்.ஏ.வில் சேரும் கதிரியக்கத் தைமிடினின் அளவு உயிரணுப் பெருக்கத்தைக் காட்டும். இயக்குநீர்ச் சுரப்பைத் தூண்டும் எதிர்ப்பான்கள், உயிரணுவில் சுழல் ஏ.எம்.பி. உயர்வதைக் கொண்டு அறியப்படுகின்றன.

எலி உயிரணுக்களில் சுழல் ஏ.எம்.பி. பெருக்கத்தையும் தூண்டுவதால், இரு சோதனைகளும் ஒரே எதிர்ப்பானைக் காட்டக்கூடும். பிரித்தெடுத்த புரதத்தில் எஞ்சும் வளர்ச்சிக் காரணிகளும் முடிவைப் பிழையாக்கலாம். எனவே தனியொரு வளர்ச்சியூக்கி எதிர்ப்பான் உண்டா என்பது சர்ச்சைக்குரியது.

மருத்துவத்தில் தைராய்டு தூண்டும் இயக்குநீரின் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பான்களே வழக்கமாக அளக்கப்படுகின்றன. இவை நச்சுக்கொடி வழியே கருவை அடைந்து அதன் தைராய்டையும் தூண்டக்கூடும். ஆகவே கிரேவ்சு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கு இவ்வளவீடு முக்கியமானது.