பட்டன் கடையில் ஒரு ரயில் நிலையம்

தோட்டத்து ரயில் – 6

தண்டவாளம் போட்டாகிவிட்டது, வண்டியும் ஓடுகிறது. இனி நிலையம், கூரை, விளக்கு, சாமான் வண்டி, மலை என்று ஓர் ஊரே எழும்ப வேண்டும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலானோர் பொம்மைக் கடைக்குத்தான் போகிறார்கள். அங்கே கிடைப்பதெல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் செய்யப்பட்டது. ஒரு பொம்மைக்கும் இன்னொரு பொம்மைக்கும் உறவே இருக்காது. திருப்பூரிலும் அதைச் சுற்றியுள்ள பனியன் ஊர்களிலும் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பட்டன், ஜிப், ஐலெட், எலாஸ்டிக், தையல் மெஷின் உதிரிகள், அட்டைப்பெட்டி என்று பனியன் தொழிலுக்காக விற்கப்படும் சாமான்கள் எல்லாம் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே அளவில் வருபவை. ஆயிரம் பட்டன் வாங்கினாலும் ஆயிரமும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் அந்தக் கடைக்குள் நுழைந்ததும் கை தவறான பொருளை எடுக்கும். ‘இது பார்க்க விளக்கு மாதிரி இருக்கிறது’ என்று எடுப்பதுதான் அந்தத் தவறு. சாயலைப் பார்க்கும் முன் அளவைப் பார்க்க வேண்டும். அதிலும், மனிதனின் உடம்பு தொடும் பொருள்களில் அளவு விட்டுக்கொடுக்க முடியாதது. மற்றவற்றில் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். இந்த வாரம் நான் சொல்ல வருவது இதைத்தான்.

எந்த அளவு என்ற கேள்விக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1968-இல் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்து லேமான் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் தோட்டத்து ரயில்களை விற்கத் தொடங்கியபோது, 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் மீட்டர்கேஜ் ரயிலைச் சிறிதாக்கி ஓடவிட்டது. 1,000 மில்லிமீட்டரை ஏறக்குறைய 45 ஆக்கினால் விகிதம் 22.5-க்கு 1. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏறும் நீலகிரி மலை ரயில் மீட்டர்கேஜ்தான். ஐரோப்பாவின் மலை ரயில்களை மனதில் வைத்துச் செய்த தண்டவாளம், 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் போன நம் வண்டிக்கு அப்படியே பொருந்துகிறது. ஆகவே கடைக்குப் போகும்போது நினைவில் வைக்க வேண்டிய எண் 22.5. கையில் எடுக்கும் எதையும் அதால் பெருக்குங்கள். அது நிஜ உலகில் என்ன அளவு என்று தெரிந்துவிடும். அதே 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் திருப்பூர் நிலையத்தில் நிற்கும் அகல ரயிலைச் செய்ய நினைத்தால் கணக்கே மாறும். அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். விகிதம் 37-க்கு 1. இன்றைய எல்.எச்.பி. பெட்டி ஒன்று அந்த விகிதத்திலேயே 60 சென்டிமீட்டரைத் தாண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு மலை ரயிலே பொருத்தம்.

இந்தப் பெருக்கலைப் பட்டனில் செய்து பார்க்கலாம். பட்டன் கடையில் அளவு ‘லைன்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு லைன் 0.635 மில்லிமீட்டர். சாதாரணச் சட்டைக்கு வைக்கும் 18 லைன் பட்டன் 11.4 மில்லிமீட்டர் வரும். 22.5-ஆல் பெருக்கினால் 26 சென்டிமீட்டர்: நிலையத்துச் சாப்பாட்டுக் கடையின் தட்டு. 24 லைன் பட்டன் 34 சென்டிமீட்டராகிறது: இன்ஜினின் முகப்பு விளக்கு. துளைகளை எம்சீல் வைத்து அடைத்துத் தேய்த்துவிட்டால் எது பட்டன் என்று கண்டுபிடிக்க முடியாது. அதே 18 லைன் பட்டனை அகல ரயில் விகிதத்தில் வைத்தால் 42 சென்டிமீட்டர் ஆகித் தட்டு தாம்பாளமாகிவிடும். பொருள் ஒன்றுதான், அது என்னவாகிறது என்பதை விகிதம் முடிவு செய்கிறது. தையல் மெஷினின் பாபின் சுமார் 21 மில்லிமீட்டர் விட்டம், அதாவது 47 சென்டிமீட்டர். நடைமேடையில் மூட்டை தள்ளும் வண்டிக்கு அது கச்சிதமான சக்கரம். அலுமினியத்தில் வரும் பாபினை வாங்கினால் துருவும் பிடிக்காது.

பேக்கிங் செக்‌ஷனில் மடித்துப் போடும் அட்டைப்பெட்டியை யாரும் பொக்கிஷமாக நினைப்பதில்லை. அதன் மேல்தாளைத் தண்ணீர் தொட்டு உரித்தால் உள்ளே அலை அலையாக நெளிந்த தாள் இருக்கும். ஓர் அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை அளந்து பாருங்கள். பெட்டிக்குப் பெட்டி இது மாறும். ‘பி’ வகை நெளிவில் சுமார் 6.5 மில்லிமீட்டர் வரும். பெருக்கினால் ஏறக்குறைய 146 மில்லிமீட்டர். நம் ஊர் நிட்டிங் கம்பெனிக் கொட்டகைகளின் மேல் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் முகட்டுக்கு முகடு உள்ள தூரமும் 146 மில்லிமீட்டர்தான். இன்னும் நுணுக்கமான ‘இ’ வகை நெளிவு மூன்றே கால் மில்லிமீட்டர் போல வரும். அதைப் பெருக்கினால் ஏழு சென்டிமீட்டரைத் தாண்டி, பழைய மூன்று அங்குல நெளிவுத் தகரத்துக்குக் கிட்டே வந்து நிற்கிறது. ஒரே குவியலில் கிடக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்று சிமென்ட் ஷீட், மற்றொன்று மலை நிலையத்தின் தகரக் கூரை. எது எந்தக் கூரை என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது, ஸ்கேல் வேண்டும்.

இதற்கு முதல் ஆட்சேபம் நவராத்திரிக் கொலுவிலிருந்து வரும். கொலுப்படிக்குக் கீழே பார்க் வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் உண்மையான தோட்டத்து ரயில் மரபு என்றே நான் நினைக்கிறேன். கடுகும் வெந்தயமும் கேழ்வரகும் முளைக்கவிட்டு வயல் செய்கிறோம், கண்ணாடியை வைத்துக் குளம் செய்கிறோம், நடுவே சாவி கொடுத்த ரயிலையும் ஓடவிடுகிறோம். அங்கே யானையைவிட லாரி பெரிதாக இருக்கும், செட்டியார் பொம்மை ரயிலைவிட உயரமாக இருக்கும். யாரும் குறை சொல்வதில்லை. தலைமுறை தலைமுறையாக நம் கண் இதை ஏற்றுக்கொண்டிருக்கும்போது 22.5 எதற்கு என்று கேட்கலாம். கொலுவில் ஒவ்வொரு பொம்மையும் தனியே பார்க்கப்படுகிறது. அது யார் வாங்கியது, எந்த வருஷத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. தோட்டத்தில் வண்டி ஓடத் தொடங்கியதும் பார்வை வண்டியின் பின்னாலேயே போகிறது. வழியில் வரும் ஒவ்வொன்றையும் அந்த வண்டியோடு ஒப்பிட்டுக்கொண்டே போகிறது. பெட்டியின் கதவு எட்டு சென்டிமீட்டர் இருக்க, நிலையத்து வாசல் ஐந்து சென்டிமீட்டர் இருந்தால், இறங்கியவர் எப்படி உள்ளே போவார் என்ற கேள்வி நாம் கேட்காமலே எழுந்துவிடுகிறது. கொலு பார்க்கின் அழகு எனக்கும் பிரியமானது. ஓடும் ரயிலுக்கு அந்த அழகு போதாது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. தோட்டத்து ரயிலில் தண்டவாளமே பொய் சொல்கிறதே என்பார்கள். உண்மைதான். எல்.ஜி.பி.யின் மிக நெருக்கமான வளைவு 60 சென்டிமீட்டர் ஆரம். பெருக்கினால் பதின்மூன்றரை மீட்டர். நீலகிரிப் பாதையின் மிகக் கடுமையான வளைவே 100 மீட்டர் ஆரம் கொண்டது. அதை நேர்மையாகச் செய்தால் நாலரை மீட்டர் ஆரம் வேண்டும், பல வீடுகளில் கொல்லையே அவ்வளவு இருக்காது. வளைவில் ஏழு மடங்குக்கு மேல் சுருக்கிவிட்டுப் பட்டனில் ஒரு மில்லிமீட்டருக்குச் சண்டை போடுவது நியாயமா? நியாயம்தான். 100 மீட்டர் வளைவை நம் உடம்பால் யாரும் அளந்ததில்லை. மலை எவ்வளவு உயரம், பாலம் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் நாம் தூரத்திலிருந்து உத்தேசமாக அறிந்தவை. வாசற்படி, கதவு, நாற்காலி, தட்டு, கைப்பிடி, விளக்கு ஆகியவற்றையோ தினமும் கையாலும் காலாலும் அளந்துகொண்டிருக்கிறோம். அவற்றில் கால்வாசி பிசகினாலும் கண் உறுத்தும். எனவே தையல் நூல் வரும் பிளாஸ்டிக் கோனைக் கவிழ்த்துத் தேயிலை ஆலையின் புகைபோக்கியாக வைக்கலாம். நிஜக் கணக்கில் அது குட்டையாக இருந்தாலும் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அந்த ஆலையின் வாசலில் போடும் பெஞ்சு மட்டும் 2 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது.

இந்தச் சலுகையைப் பயன்படுத்தித்தான் ஜிப்பை மலை ரயிலுக்குக் கொண்டுவர முடிகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், இன்ஜினின் பற்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தைக் கவ்வித்தான் ஏறுகிறது. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை அது. ஒரே சட்டமாக வைக்காமல் இரண்டு சட்டங்களை அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளிப் பொருத்தினார். ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடியில் இருக்க வேண்டும் என்பதற்காக. இப்போது ஒரு ஜிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்போது ஒரு பக்கத்துப் பல் மறுபக்கத்துப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதை முழுதாகத் திறந்து, இரண்டு பட்டிகளையும் மேலும் கீழும் நகர்த்தாமல், பல் மேலே பார்க்கும்படி முதுகோடு முதுகாக நிறுத்தி, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை வைத்து ஒட்டினால் ஆப்ட்டின் இரட்டைச் சட்டம் அதே எதிரெதிர் வரிசையில் வந்து நிற்கிறது. சுருள் நைலான் ஜிப் இதற்கு ஆகாது. தனித்தனிப் பல் உள்ள மோல்டட் பிளாஸ்டிக் ஜிப்தான் வேண்டும். பல்லின் நெருக்கம் நிஜத்தோடு அப்படியே ஒத்துப்போகாது, இன்ஜினை இழுக்கும் பலமும் அதற்குக் கிடையாது. ஆனால் பற்சட்டம் மனிதர் கை படாத இடம். அங்கே கண் தேடுவது அந்த மாறி மாறி வரும் ஒழுங்கைத்தான், அது ஜிப்பில் பிசகில்லாமல் இருக்கிறது.

பனியன் துணியின் கதை இதற்கு நேர்மாறு. கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் ஊரில், சரக்கு வண்டிக்குத் தார்ப்பாய் போட எல்லோரும் முதலில் எடுப்பது பனியன் துணியைத்தான். அது சரிப்படாது. சிங்கிள் ஜெர்சியின் வெட்டிய ஓரம் தானாகவே சுருண்டுகொள்ளும். இழுத்துக் கட்டினால் துணி நீளும், அதன் கண்ணிகள் இந்த விகிதத்தில் மீன்வலை போலத் தெரியும். தார்ப்பாய்க்குப் பேன்ட் பாக்கெட்டுக்குப் போடும் மெல்லிய நெசவுத் துணி போதும். அதே ஜெர்சியைச் சிமென்ட் கரைசலில் முக்கி எடுத்தால் அதன் குறையே குணமாகிவிடும். பாலிதீன் விரித்த அட்டை நெளிவின் மேல் அதைப் போட்டு விரலால் அழுத்தினால், நீளும் துணியானதால் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் நிழலில் ஈரமாக வைத்து உரித்தால் மழைக்கு நிற்கும் கூரை கிடைக்கும். கல்லையும் செங்கலையும் அடுக்கி அதன்மேல் இதே துணியைப் போர்த்தினால் மலையாகும். வேலை செய்யும்போது கையுறை அவசியம். சிமென்ட் தோலை அரித்துவிடும்.

வெயிலும் மழையும் எந்தக் கணக்கையும் கேட்காது. பருத்தி நூல் ஈரத்தில் மக்கும், பாலியஸ்டர் தையல் நூல் நிற்கும். பேக்கிங் ஸ்ட்ராப் வெயிலில் சில மாதங்களில் நொறுங்கத் தொடங்கும். பித்தளை ஐலெட் கறுத்துப்போவது பழைய நிலையத்துக்கு அழகுதான். தண்டவாளத்தில் மின்சாரம் ஓடும் அமைப்பில் உலோக ஹூக், ஐலெட் எதுவும் இரு தண்டவாளங்களையும் தொட்டுக்கொண்டு விழக் கூடாது. விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும். நிட்டிங் மெஷினில் கழித்துக்கட்டிய ஊசிகளைக் கம்பிவேலியாக்கும் ஆசை வரும். குழந்தைகள் குனிந்து விளையாடும் இடத்தில் அவை வேண்டாம். சாயப்பட்டறையில் ரசாயனம் வந்த காலி கேன், பேரல் எதையும் தோட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் ரசாயனம் ஒட்டிய காலிக் கலன்களையும் அபாயக் கழிவாகவே கணக்கில் எடுக்கின்றன. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தோட்டத்தில் மேலும் பிளாஸ்டிக் சேர்ப்பது சரியா என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. புதிதாக வாங்கிக் குவித்தால் சரியில்லை. ஆனால் ஓர் ஆர்டர் முடிந்தபின் மிஞ்சும் பட்டனும் ஜிப்பும் அந்த ஆர்டரின் நிறத்துக்கென்றே வந்தவை. அடுத்த ஆர்டருக்கு உதவாமல் எடைக்குப் போகக் காத்திருப்பவை. ஸ்டாக் லாட்டில் நிறத்தைப் பார்க்க வேண்டாம், எப்படியும் பெயின்ட் அடிக்கப் போகிறோம். அளவை மட்டும் பாருங்கள், கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். போகும்போது ஒரு ஸ்கேலோடு, கெட்டி அட்டையில் 7.3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓர் ஆள் வடிவம் வெட்டி எடுத்துப் போங்கள். 165 சென்டிமீட்டர் மனிதர் நம் விகிதத்தில் அவ்வளவுதான். கடைக்காரர் கொட்டிக்காட்டும் சாமான்களுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, இவரால் இந்தத் தட்டில் சாப்பிட முடியுமா, இந்த வண்டியைத் தள்ள முடியுமா என்று பார்த்து வாங்குங்கள்.

(தொடரும்)