திருத்தச் சட்டத்தையும் எதிர்த்து வழக்காடலாம்

நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டால், அதற்கு மேல் யாரும் எதுவும் செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். செய்ய முடியும். கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் அமர்ந்து, 1973 ஏப்ரல் 24 அன்று 7-6 என்ற கணக்கில் அளித்த தீர்ப்பு இன்றும் நிற்கிறது. 368-வது பிரிவின்படி எந்தப் பிரிவையும் திருத்தலாம். ஆனால் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது.

இந்த வரம்பு ஏன் வேண்டும் என்பதற்கு 1975-ஐப் பார்த்தால் போதும். இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வர இருந்தது. அதற்குள் 39-வது திருத்தம் 7-ம் தேதி மக்களவையில், 8-ம் தேதி மாநிலங்களவையில் நிறைவேறி, 10-ம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றுவிட்டது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது, ஏற்கெனவே வந்த தீர்ப்பும் செல்லாது என்றது அது. நெருக்கடி நிலை அமலில் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். அப்படியிருந்தும் நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் அந்த உட்பிரிவை ரத்து செய்தது. இதில் வருத்தமான பகுதியும் உண்டு: தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டு மாற்றியிருந்ததால் இந்திராவின் வெற்றி நிலைத்துவிட்டது.

அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துவிட்டால் ஒரு சட்டத்தை யாரும் தொட முடியாது என்பதும் பழைய கதை. நீலகிரி மாவட்டம் கூடலூரின் ஜென்மம் எஸ்டேட் நிலங்கள் தொடர்பான தமிழ்நாட்டுச் சட்டத்திலிருந்து கிளைத்த கோயல்ஹோ வழக்கில், 2007-ல் ஒன்பது நீதிபதிகள் இதைத் தெளிவாக்கினார்கள். 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அங்கே சேர்ந்த சட்டங்களை இதே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். 1994-ல் அங்கே சேர்த்த நம் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டத்துக்கும் அது பொருந்தும். அதைக் காக்க விரும்புவோர் அட்டவணையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

பாதிக்கப்பட்டவர் 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தையோ, அடிப்படை உரிமை பறிபோனால் 32-வது பிரிவின்கீழ் நேரே உச்ச நீதிமன்றத்தையோ நாடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தரும். அழைக்க வேண்டிய எண் 15100. ஆனால் 'இது கெட்ட கொள்கை' என்ற வாதம் மட்டும் எடுபடாது; அடிப்படைக் கட்டமைப்பு சிதைகிறது என்று காட்ட வேண்டும். நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 99-வது திருத்தம் 2015-ல் விழுந்தது, நீதித்துறையின் சுதந்திரத்தைக் குலைத்ததால். பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத ஒதுக்கீடு 2022-ல் 3-2 என்ற கணக்கில் தப்பியது.

வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். அதனால் திருத்தம் நிறைவேறும் முன்பே குரல் கொடுப்பது நல்லது. கூட்டாட்சியையோ உயர் நீதிமன்றங்களையோ தொடும் திருத்தங்களுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் தேவை. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் அந்தக் கட்டத்திலேயே கேள்வி கேளுங்கள்.