குளவி இல்லாத நேரத்திலும் நெஞ்சு படபடக்கிறதா?

கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது குளவிக்கூடு கலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறோம். இது நல்ல பயம். ஆபத்தைக் கண்டதும் மூளை உடம்பை எழுப்புகிறது. அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலந்து, ஓடுவதற்குப் பலம் தருகிறது. ஆபத்து போனதும் உடம்பும் அடங்கிவிடும்.

ஆனால் குளவியும் இல்லை, சிறுத்தையும் இல்லை, லயத்துக் காம்பராவில்தான் படுத்திருக்கிறோம். அப்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தால்? நாளாந்த வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கும் அளவுக்கு இது போனால், வைத்தியர்கள் அதைப் பதகளிப்பு நோய் என்கிறார்கள். நம்ம ஆட்கள் "ஒரே யோசனையா இருக்கு", "மனசு பதறுது" என்று சொல்வது பல நேரம் இதைத்தான்.

இது பேய் பிடித்ததல்ல, செய்வினையும் அல்ல. வேலைக்குப் போகாமலிருக்கச் சொல்லும் சாட்டும் அல்ல. காய்ச்சல், சீனி வருத்தம் போல இதுவும் ஒரு வருத்தம். இதைக் குறைக்க வழி இருக்கிறது.

எப்படியெல்லாம் வரும்?

1. ஓயாத யோசனை: கடைக் கடன், அடகில் இருக்கும் தோடு, வெளிநாட்டில் வேலை செய்யும் மகள், பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை என்று கவலை எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில், நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் யோசனை ஓடும். தூக்கம் வராது, தோள் இறுகும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும்.

2. திடீர்ப் பீதி: காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்து, கை நடுங்கி, "செத்துப்போயிருவேன்" என்று தோன்றும். சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும். பிறகு "மறுபடி வந்திருமோ" என்ற பயத்தில் பஸ் ஏறவே தயங்குவார்கள்.

3. ஆட்கள் முன்னால் வரும் பயம்: வகுப்பில் எழும்பி வாசிக்க, துரையிடம் பேச, கந்தோரில் ஒரு கடிதம் கொடுக்கக்கூட நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதனால் படிப்பையே விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு.

4. அனர்த்தத்துக்குப் பின் வரும் பயம்: 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அப்படி ஒன்றைக் கண்டவர்களுக்கு மழைச் சத்தமே போதும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பயந்து வெளியேறுவது நோயல்ல, அது புத்தி. ஆனால் வெயில் நாளிலும் அதே காட்சி மனதில் வந்து, கெட்ட கனவில் திடுக்கிட்டு எழும்புவது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் உதவி தேவை.

முதலில் உடம்பைப் பாருங்கள்

இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு, இருதய நோய் இவற்றாலும் படபடப்பு வரும். ஆகவே டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ ஒரு தடவை காட்டுங்க. நெஞ்சு வலித்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் "வெறும் பயந்தான்" என்று வீட்டில் இருக்கக்கூடாது. உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது.

நாமே செய்யக்கூடியவை

மூச்சு: வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள். நாலு எண்ணும் வரை மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் செய்யுங்கள். பயம் இல்லாத நேரத்திலேயே தினமும் பழகினால்தான், பயம் வரும்போது கைகொடுக்கும்.

தேத்தண்ணி: கடும் சாயம் படபடப்பைக் கூட்டும். பின்னேரத்துக்குப் பிறகு குறைத்துப் பாருங்க. வெற்றிலை பாக்கும் நெஞ்சை வேகமாக அடிக்கவைக்கும். சாராயம் இரவில் மயக்கினாலும், மறுநாள் பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும்.

கவலைக்கு ஒரு தாள்: "இந்த வாரம் என்னால் செய்யக்கூடியது", "என் கையில் இல்லாதது" என்று இரண்டு பக்கமாக எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். முதல் பக்கத்திலிருந்து ஒரு வேலையை மட்டும் இன்றைக்குச் செய்யுங்கள்.

ஒதுங்காதீர்கள்: இதுதான் முக்கியம். பயந்து ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். பஸ் பயமென்றால் முதல் நாள் பஸ் நிறுத்தம் வரை போங்க, பிறகு துணையோடு ஒரு நிறுத்தம், பிறகு டவுன் வரை. ஒவ்வொரு படியிலும் பயம் தணியும் வரை நின்று பழகுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

"எல்லாருக்கும் இல்லாத கவலையா ஒனக்கு?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கோயிலுக்கும் போங்கள், நூலும் கட்டுங்கள், ஆனால் வைத்தியரிடம் போவதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். அரச ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். சிலருக்குப் பேசிப் புரியவைக்கும் சிகிச்சையே போதும், சிலருக்கு மாத்திரையும் வேண்டும். அந்த மாத்திரை வேலை செய்யச் சில வாரம் எடுக்கும். இடையில் நாமாக நிறுத்தக்கூடாது. அடுத்த வீட்டாரின் தூக்க மாத்திரையை வாங்கிப் போடவும் கூடாது.

"இனி இருந்து என்ன?" என்று ஒருவர் சொன்னால் அதை வெறும் பேச்சு என்று விடாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். புல்லுக்கு அடிக்கும் மருந்தையும் மாத்திரைகளையும் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். இந்த இரண்டு இலக்கங்களையும் இன்றைக்கே காம்பராச் சுவரில் எழுதி வையுங்கள்.