மைக்குக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் பொருத்தம் பார்த்தீர்களா?

பங்குனி, சித்திரை பிறந்துவிட்டால் மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மைக் செட்காரர்களுக்கு ஓய்வு ஏது? கோயில் பொங்கல், முளைப்பாரி, காதுகுத்து என ஊர் ஊராகக் குழாய் கட்ட வேண்டும்.

நேற்று கணீரென்று பேசிய அதே மைக், இன்று வேறு ஆம்ப்ளிஃபையரில் மாட்டியதும் முனகும். வால்யூமைத் திருகினால் இரைச்சல்தான் கூடும். உடனே, `மைக் போச்சு' என்று புதிதாக வாங்கக் கிளம்பிவிடுவார்கள். ஆனால், பல நேரங்களில் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். பொருத்தம்தான் சரியிருக்காது. அந்தப் பொருத்தத்துக்குப் பெயர் இம்பிடன்ஸ். தமிழில் மின்மறுப்பு, அளப்பது ஓம் கணக்கில்.

கிணறு சொல்லும் கணக்கு

ஊற்று மெலிந்த கிணற்றில் பெரிய மோட்டாரை மாட்டினால் என்ன ஆகும்? நீர்மட்டம் மளமளவென்று இறங்கிவிடும். அளவாக இறைத்தால் மட்டம் நிற்கும். மைக்கும் அப்படித்தான். நீர்மட்டம்தான் வோல்டேஜ். ஊற்றுக்கண்ணில் இருக்கும் அடைப்புதான் மைக்கின் அவுட்புட் இம்பிடன்ஸ். அடுத்த கருவி எவ்வளவு இழுக்கும் என்பதைச் சொல்வது இன்புட் இம்பிடன்ஸ். இந்த எண் பெரிதாக இருந்தால், இழுப்பது குறைவு என்று அர்த்தம்.

மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதை முதலில் தூக்கிவிடுவது ப்ரீஆம்ப்ளிஃபையர். மைக் 200 ஓம், ப்ரீஆம்ப் 2,000 ஓம் என்றால், 91 சதவிகித வோல்டேஜ் போய்ச் சேரும். ப்ரீஆம்பும் 200 ஓம் என்றால் பாதிதான் கிடைக்கும். அதனால்தான் `வாங்கும் பக்கம் 10 மடங்கு' என்பது பொது விதி. அந்தக் காலத் தொலைபேசிக் கம்பிகளில் இரு பக்கமும் 600 ஓம் என்று சமமாக வைத்தார்கள். அங்கே பல மைல் தூரத்துக்கு மின்திறனைக் கடத்த வேண்டியிருந்தது. மைக்குக்கு வோல்டேஜ் போய்ச் சேர்ந்தாலே போதும்.

வயர் தின்னும் `ச'வும் `ஸ'வும்

மேடையிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு 30 மீட்டர் வயர் இழுக்கிறோம். ஷீல்டு வயர் ஒரு கெப்பாசிட்டர் மாதிரியும் வேலை செய்யும். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். 50,000 ஓம் ஹை இம்பிடன்ஸ் மைக் என்றால், சுமார் 1,000 ஹெர்ட்ஸிலேயே ஒலி தேய ஆரம்பித்துவிடும். `ச', `ஸ' போன்ற ஒலிகள் மழுங்கும். கும்மிப்பாட்டின் சொல் புரியாது. அதே வயரில் 200 ஓம் மைக்குக்கு இந்தப் பிரச்னையே வராது.

வீணை, வயலினில் ஒட்டும் பீசோ பிக்கப்பின் கதை வேறு. அதை நேராக மைக் சாக்கெட்டில் செருகினால் அடித்தொனி காணாமல்போய், தகரம் தட்டியதுபோலக் கேட்கும். அதற்குக் குறைந்தது 10 லட்சம் ஓம் இன்புட் வேண்டும்.

என்ன செய்யலாம்?

* மைக் வாங்கும்போது அதன் ஓம் அளவைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரின் மைக் இன்புட் அதைப்போலக் குறைந்தது 10 மடங்கு இருக்கட்டும்.

* நீளமான வயர் இழுப்பதாக இருந்தால், லோ இம்பிடன்ஸ் மைக்கே நல்லது.

* பிக்கப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே, அதற்கேற்ற ஹை இம்பிடன்ஸ் இன்புட் உள்ள டி.ஐ பாக்ஸை வையுங்கள்.

* குழாய்களை இணையாக மாட்ட மாட்ட மொத்த ஓம் குறையும். 16 ஓம் குழாய் இரண்டு சேர்ந்தால் 8; நான்கு சேர்ந்தால் 4. ஆம்ப்ளிஃபையரில் குறித்திருக்கும் அளவுக்குக் கீழே இறங்கினால், சூடேறிப் புகைந்துவிடும்.

அடுத்த முறை மைக் முனகினால், கடைக்கு ஓடும் முன் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் ஓம் எண்ணைப் பாருங்கள். புது மைக்குக்கான காசு மிச்சமாகலாம்!