பெண்ணையாற்று முதலைகள்

குறிஞ்சிப்பாட்டில் தலைவன் இரவில் வரும் வழியின் ஏதங்களைத் தோழி அடுக்கிக் கூறுமிடத்து, முதலை, இடங்கர், கராம் என்னும் மூன்று பெயர்களைக் கபிலர் ஒருசேர வைத்துள்ளார். மூன்றும் முதலையின் வகைகளே என்பது உரைமரபு. இந்தியாவில் இன்று வாழும் முதலையினங்களும் மூன்றே: சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, நீண்டு மெலிந்த மூக்குடைய கரியல். எண் ஒத்துவருவது கண்டு ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்ட நம்மில் சிலர் முனைவதுண்டு. கரியல் வடபுலத்து ஆறுகளுக்கே உரியது. ஆதலின் அப்பொருத்தம் நமக்கு உடன்பாடன்று. எனினும், நீர்வாழ் உயிரொன்றில் மூன்று வேறுபாடு கண்ட கண், ஆற்றங்கரையில் பழகிய கண் என்பதில் ஐயமில்லை.

அக்கபிலர் உயிர்நீத்த இடமெனச் சொல்லப்படும் கபிலர் குன்று, நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரில் பெண்ணையாற்றின் நடுவே நிற்கிறது. அதே ஆற்றின் மேற்புறத்தில், 1958-இல் கட்டி முடிக்கப்பெற்ற சாத்தனூர் அணையின் நீர்த்தேக்கத்தில், முதலை இன்றும் வாழ்கிறது. அங்கு வனத்துறையின் முதலைப் பண்ணையும் உண்டு. கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைக் கண்டு வளர்ந்த மாணவர்க்குச் சாத்தனூர் தொலைவன்று. மாணவரோடு நாம் அப்பண்ணைக்குச் சென்றிருந்தபோது, அசையாது கிடந்த முதலையைப் பொம்மையென்றே எண்ணிய ஒருவர், சோதித்துப் பார்க்கச் சிறு கல்லொன்றை எறிந்தார். முதலை அசையவில்லை, கல்லெறிந்தவர்தாம் நம்மிடம் நெடுநேரம் அறிவுரை கேட்க நேர்ந்தது. அந்த அசைவின்மைக்கும் காரணம் உண்டு. முதலை தன் உடற்சூட்டைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாத உயிர். வெயிலில் கிடந்து சூடேற்றியும், வாயைத் திறந்து வைத்தும் நீரில் இறங்கியும் சூடு தணித்தும் அது நாளைக் கழிக்கிறது. பல நாள் உண்ணாதிருக்கவும் அதற்கு இயலும். கோடையில் குளம் வற்றின், கரையில் வளை தோண்டி உள்ளே ஒடுங்கும்.

தமிழகத்து நன்னீர்நிலைகளில் உள்ளது சதுப்புநில முதலையே. உவர்நீர் முதலை நம் கடற்கரையிலிருந்து மறைந்துவிட்டது. சதுப்புநில முதலை கோடைக்கு முன்னர்க் கரைமணலில் குழி பறித்து, ஏறத்தாழ இருபத்தைந்து முதல் முப்பது முட்டைகள் இடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பமே. 30 பாகை செல்சியசிலும் அதற்குக் கீழும் பெண்ணும், 32 பாகையை ஒட்டிப் பெரும்பாலும் ஆணும் பிறக்கும். இரண்டு திங்களுக்குப் பின் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்க, தாய் குழியைத் தோண்டி, அவற்றை வாயில் ஏந்தி நீருக்குக் கொண்டு சேர்க்கிறது. எலும்பை நொறுக்கும் அதே தாடைதான் முட்டையோட்டை நசுக்காமல் உருட்டிக் குஞ்சை வெளிக்கொணர்கிறது. தந்தை முதலையும் இப்பணியில் துணைநிற்பதுண்டு. முதலைக் கண்ணீர் என்று பொய்யன்புக்குப் பெயர் வைத்த உலகம் இதனை அறிந்திருக்கவில்லை போலும். திருமறையின் ஆறாம் அத்தியாயம் விலங்குகளையும் பறவைகளையும் சமுதாயங்கள் எனக் குறிப்பதை இவ்விடத்து நாம் நினைவுகூர்ந்தோம்.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிய இவ்வினத்துக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காப்பளித்தது. 1975-இல் நடுவணரசு, ஐக்கிய நாட்டு அமைப்புகளின் உதவியுடன், முதலைக் காப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. மறு ஆண்டில் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் ராமுலஸ் விட்டேக்கரும் அவர்தம் துணைவியார் ஜாய் விட்டேக்கரும் முதலைப் பண்ணையை நிறுவினர். ஜாய் அம்மையார், பறவையியல் அறிஞர் ஜாபர் புதேஹல்லியின் மகளார். பறவையியல் மேதை சாலிம் அலியின் குடும்பத்தவர். இயற்கையறிவுக்கு இந்திய முஸ்லிம்கள் ஆற்றிய பணியைப் பேசும் நம் மேடைகளில் இப்பெயர்கள் ஏனோ அருகியே ஒலிக்கின்றன.

பண்ணையில் முதலை பெருகிற்று. விடுவதற்கு ஆறுகள்தாம் போதவில்லை. மணல் அள்ளிய கரையில் முட்டையிடக் குழி ஏது? 2022-இல், வடநெம்மேலியிலிருந்து ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்புவதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காத்து வளர்த்த உயிருக்கு நாட்டில் இடமில்லாமற்போனது வெற்றியா தோல்வியா என நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொள்ளிடக்கரை மக்களின் துயர் வேறு. சிதம்பரத்தை அடுத்த ஊர்களில் ஆற்றிலும் வாய்க்காலிலும் குளிக்க இறங்குவோர் முதலையால் தாக்குண்டிருக்கின்றனர். ஊருக்குள் பிடிபடும் முதலைகளை வனத்துறையினர் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகின்றனர். இது போதுமா எனின், அமெரிக்க முதலையின் கதை ஒருவாறு விடை தருகிறது. தென் புளோரிடாவில் சில நூறாகக் குறைந்திருந்த அம்முதலை 1975-இல் அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுக் காக்கப்பட்டது. அணுமின் நிலையமொன்றின் நீர்க்கால்வாய்க் கரைகளிலும் அது முட்டையிடத் தொடங்கி, இன்று ஈராயிரம் அளவுக்குப் பெருகியுள்ளது. 2007-இல் அதன் அபாயநிலை ஒரு படி தளர்த்தப்பட்டது. ஆனால் வீடுகளருகே வந்தவற்றைப் பிடித்துத் தொலைவில் விட்டபோது பல திரும்பி வந்துவிட்டன. திசையறிவைக் குழப்பத் தலையில் காந்தம் ஒட்டிவிடும் முயற்சிகூட 2009-இல் மேற்கொள்ளப்பட்டது.

முதலை தன் இடம் மறப்பதில்லை. ஆதலின் கொள்ளிடக்கரை ஊர்களுக்கு முதற்கண் வேண்டுவது, குளிப்போரையும் துணி துவைப்போரையும் காக்கும் இரும்பு வேலியிட்ட படித்துறை. வீட்டுக்கொரு குளியலறையும் குழாய்நீரும் கிடைத்துவிட்டால், அந்தி மயங்கும் வேளையில் பெண்கள் ஆற்றில் இறங்கவேண்டிய தேவையே இராது.