முதுமையின் விலை – 9: விடுமுறையைக் கொடுத்து வாங்கிய காப்பீடு

ஜப்பானியர்கள் நாற்பது வயதில் கட்டத் தொடங்கும் பராமரிப்புக் காப்பீட்டைப் போன வாரம் பார்த்தோம். பெற்றோரைக் கவனிக்க வேலையை விட்ட மகள்கள்தான் இந்த வாரம் வரவேண்டியவர்கள். அதற்குள் ஜெர்மனியின் ஒரு புதன்கிழமை முந்திக்கொண்டது.

நவம்பர் 23-க்கு முந்தைய புதன்கிழமை அது. புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் மனம் வருந்திப் பிரார்த்திக்கும் நாள். 1994 வரை அங்கே அரசு விடுமுறை. மறு ஆண்டு, ஒரே ஒரு மாநிலத்தைத் தவிர நாடு முழுக்க அது வேலை நாளாகிவிட்டது. காரணம், படுத்த படுக்கையான முதியவர்கள்.

அதுவரை முதியோர் இல்லத்துக்குப் போனவர்களில் பலருக்குக் கட்டணம் கட்ட ஓய்வூதியம் போதவில்லை. சேமிப்பு கரைந்ததும் அரசின் உதவித்தொகையை நாடவேண்டியதுதான். அந்தப் பணத்தை அரசு, வசதியுள்ள பிள்ளைகளிடம் திரும்பக் கேட்கும். ஆயுள் முழுக்க உழைத்தவர்கள் கடைசிக் காலத்தில் கையேந்துவதா என்ற விவாதம் சுமார் இருபது ஆண்டுகள் நடந்தது. தொழிலாளர் நல அமைச்சர் நார்பெர்ட் ப்ளூம் விடாப்பிடியாக நின்று, 1995 ஜனவரியில் கட்டாயப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தார்.

சந்தாவில் பாதி தொழிலாளிக்கு, பாதி முதலாளிக்கு. செலவு ஏறுகிறதே என்று முதலாளிகள் முரண்டுபிடித்தார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் கூடுதலாக வேலை செய்து அதை ஈடுகட்டலாம் என்று சமரசம் பிறந்தது. காவு போனது அந்தப் புதன்கிழமை.

சாக்ஸனி மாநிலம் மட்டும் மறுத்துவிட்டது. அங்கே அந்த நாள் இன்றும் விடுமுறை. ஆனால் அதற்கு விலை உண்டு. 2025 கணக்குப்படி சந்தா, சம்பளத்தில் 3.6 சதவீதம். மற்ற மாநிலங்களில் இருவருக்கும் ஆளுக்கு 1.8. சாக்ஸனியில் தொழிலாளிக்கு 2.3, முதலாளிக்கு 1.3. மாதம் 3,000 யூரோ வாங்குபவர் 15 யூரோ கூடுதலாகக் கட்டுகிறார். முதியவர்களைக் காக்கும் செலவில் தன் பங்கு எவ்வளவு என்பது அவருடைய சம்பளச் சீட்டிலேயே தெரிகிறது. இவ்வளவு வெளிப்படையான பேரம் அரிது.

ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 1997-இல் விடுமுறையைத் திரும்பக் கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் ஆதரித்தும், மொத்த வாக்காளர்களில் தேவையான பங்கு எட்டாததால் தோற்றது. பவேரியாவில் இன்னொரு கூத்து: அந்தப் புதன்கிழமை பள்ளிகளில் வகுப்பு கிடையாது, பெற்றோருக்கு வேலை உண்டு. பிள்ளைகளை எங்கே விடுவது என்று ஆண்டுதோறும் அலைகிறார்கள்.

இவ்வளவு கொடுத்தும் சுமை முழுதாக இறங்கவில்லை. காப்பீடு தருவது ஒரு பகுதிதான். அறை, சாப்பாடு, கட்டடச் செலவு, பராமரிப்புக் கட்டணத்தின் மீதி எல்லாம் முதியவர் கையிலிருந்து. 2025 கணக்குப்படி, இல்லத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் மாதம் சராசரியாகச் சுமார் 3,000 யூரோ ஆனது. ஆறுதலான ஒரு மாற்றம் 2020-இல் வந்தது: ஆண்டு வருமானம் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டிய பிள்ளைகளிடம் மட்டுமே அரசு இப்போது பணம் கேட்கிறது.

பராமரிப்பு தேவைப்படும் ஜெர்மானியர்கள் 2023 முடிவில் சுமார் 57 லட்சம் பேர். அவர்களில் 86 சதவீதத்தினர் வீட்டிலேயே இருக்கிறார்கள். பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான் கவனிக்கிறார்கள். வாரம் 10 மணி நேரமாவது இப்படிக் கவனிப்பவர், வெளி வேலையை 30 மணி நேரத்துக்குள் வைத்துக்கொண்டால், அவருடைய ஓய்வூதியக் கணக்கில் காப்பீடே பணம் கட்டுகிறது. வேலையை விட்ட மகள்களின் கதை இங்கிருந்துதான் தொடங்கவேண்டும். அடுத்த வாரம் அவர்கள்தான்.

(தொடரும்)