கடற்பாசியும் கோடை வெயிலும்

மதுரை மாநகரில் சித்திரை வெயில் சில நாட்களில் 40 பாகை செல்சியசையும் தாண்டும். அவ்வேளையில் ஜிகர்தண்டாக் கடைகளை நாடாதார் சிலரே. பாலிலும் நன்னாரிப் பாகிலும் பளிங்குபோல் மிதக்கும் கடற்பாசித் துண்டுகளை அக்குவளையில் காணலாம். பனிக்கட்டி கரைந்துவிடுகிறது, அத்துண்டுகள் உருகுவதில்லை. இஃது ஏன்?

இராமேசுவரத்தை அடுத்த கடலில் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி, பாறைகளில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கின்றனர். கையைக் கிழிக்கும் பாறைகளினூடே செய்யும் அத்தொழில் எளியதன்று. அப்பாசியை வேகவைத்து வடித்தால் அகர் என்னும் பொருள் கிடைக்கும். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். கொதிநீரில் அவை தனித்தனியே நெளிந்து திரியும். ஏறத்தாழ 40 பாகைக்குக் குளிர்ந்ததும் இரண்டிரண்டாய் முறுக்கிக்கொண்டு, பின் கற்றைகளாய்ச் சேர்ந்து, வலைபோலாகி நீரைச் சிறைப்படுத்தும். கற்றையிலுள்ள புரிகள் ஒன்றையொன்று தாங்குவதால் எளிதிற் பிரியா. அவற்றைப் பிரிக்க ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும். மதுரை வெயில் அதற்குப் போதாது. விலங்கின் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினோ 35 பாகை அளவிலேயே உருகிவிடும்.

இதற்கு நேர்மாறான பொருள்களும் உள. நீரில் கரையும் சங்கிலி ஒன்றைத் தண்டாகக் கொண்டு, ஒட்டுமாங்கன்று கட்டுவதுபோல், வேறினச் சங்கிலிகளை அதன்மேல் கிளைகளாக ஒட்டுவர் வேதியியலார். அவ்வகைக் கிளைகளுள் ஒன்று ஏறத்தாழ 32 பாகை வரையில்தான் நீரில் கரைந்திருக்கும். அதற்குமேற் சூடேறினால் கிளைகள் நீரை விட்டு ஒன்றோடொன்று கூடும். தண்டு நீரைவிட்டு விலகாது. ஆகவே கரைசல் சூட்டில் தடித்து, ஆறியதும் மீண்டும் நீர்த்துவிடும். மதுரைக் கோடையில் அதனைக் கரைக்க முதலில் நீரைக் குளிரவைத்தல் வேண்டும்.